பாட்டு, படிப்பு, பிழைப்பு: எதற்கு எந்த இடம்?

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் மலேசியாவில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மனநல மருத்துவமனைதான். 1911-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் இந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் நாட்டில் இன்னும் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் என் ஊரைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அது பழகிவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களே பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் 'பாட்டுப் பைத்தியம்' என்ற சொல்தான். எந்தத் தாமானுக்குப் போனாலும் இந்தப் பட்டம் வாங்கிய ஒருவராவது இருப்பார். பள்ளி விட்டதும் உறுமி ஒத்திகைக்கு ஓடுபவர், படுக்கையறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி ராப் பாடல் எழுதுபவர், கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று அவர்களில் பல வகை. தைப்பூசத்தன்று அவர் வாசிக்கும்போது கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். மறுநாள், "இவன் எதிர்காலம் என்ன ஆகுமோ?" என்று கவலைப்படுபவர்களும் அவர்களேதான்.

நான் இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவி. ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் எங்கள் வட்டாரத்துத் தம்பி தங்கைகளில் யாராவது ஒருவர் என்னிடம் இதே கேள்வியோடு வருவார்: "அக்கா, படிப்பை விட்டுட்டு மியூசிக் பக்கம் போகலாமா?" கேட்பவரின் கண்ணில் ஆசையும் பயமும் சம அளவில் இருக்கும். வீட்டில் அப்பா ஒரு பக்கம், குழு நண்பர்கள் மறுபக்கம் என்று நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பார்.

படிப்பு, வேலை, இசை மூன்றில் ஒன்றை எடுத்து மற்ற இரண்டையும் தூக்கிப்போட வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு பாரமாகிறது என்பது என் எண்ணம். மூன்றுக்கும் ஒருவர் வாழ்க்கையில் இடம் உண்டு. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, எதை எத்தனை ஆண்டு காத்திருக்க வைப்பது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

பெற்றோர் ஏன் பயப்படுகிறார்கள்?

உலு கிந்தா, செம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் செம்பனையும் இருக்கும் பல இடங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. நம் தாத்தா பாட்டிமார் விடியும் முன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வருமானமும் இல்லை. குடியிருந்த லயத்து வீடோ தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அப்படித்தான் பல குடும்பங்கள் ஒரே நேரத்தில் வேலையையும் வீட்டையும் இழந்தன. அந்தத் தோட்டத் துண்டாடலைச் சமாளிக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இது நாம் வரலாற்றுப் பாடத்துக்காக மட்டும் படிக்க வேண்டிய செய்தி அன்று. நம்மில் பலருடைய வீட்டுக் கதையே இதுதான்.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், 'நிரந்தர வேலை' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஏன் இவ்வளவு மரியாதை என்பது புரியும். மாதச் சம்பளம், இ.பி.எஃப். சேமிப்பு, சொந்தப் பெயரில் ஒரு வீடு. லயத்தை விட்டு வெளியே வந்ததற்கு அந்தத் தலைமுறை கண்ட அடையாளங்கள் இவை. வெளியே வர உதவிய ஏணி கல்வி.

தோட்டத்தில் இசை இல்லாமல் இல்லை. மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் பம்பையும் முழங்கின. பஜனை இருந்தது, மேடை நாடகம் இருந்தது, திடலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். ஆனால் இவையெல்லாம் வேலை முடிந்த பிறகு வருபவை. 'இதை வைத்தே பிழைக்கலாமா?' என்று கேட்டுப் பார்க்கும் வசதி அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அப்பா முகம் மாறுகிறது. அவருக்கு இசை பிடிக்காது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். லயத்து வீட்டின் கதவு எப்படி மூடும் என்பதை அவர் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கிறார்.

"ரஹ்மான் மட்டும் படித்தாரா?"

வீட்டில் வாக்குவாதம் முற்றும்போது நம் தரப்பில் எடுத்து வீசப்படும் கடைசி ஆயுதம் இது. ஏ.ஆர். ரஹ்மான் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை பாதிதான்.

ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகரும் இசையமைப்பாளர். அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அந்த வயதிலேயே சிறுவனின் தோளுக்கு வந்தது. பதினோரு வயது வாக்கில் கீபோர்டு வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வேலைக்குப் போனதால் பள்ளிக்குப் போக முடியவில்லை. பிறகு விளம்பரங்களுக்கு இசையமைத்தார். 'ரோஜா' வெளிவந்தது 1992-இல். அப்போது அவருக்கு 25 வயது. அதாவது, நாம் கொண்டாடும் அந்த 'முதல் படத்துக்கு' முன்னால் ஏறக்குறைய 14 ஆண்டு உழைப்பு இருக்கிறது. இடையில் மேற்கத்திய இசையையும் முறையாகப் பயின்றார். 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளை வாங்கியவர், அதற்கு முந்திய ஆண்டே சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். படிப்பு தேவையில்லை என்று நினைப்பவர் எதற்காகக் கல்லூரி தொடங்க வேண்டும்?

இளையராஜாவின் பாதையும் இப்படிப்பட்டதுதான். 1943-இல் பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். பின்னர் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். கிதார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக வேலை பார்த்தார். 'அன்னக்கிளி' வந்த 1976-இல் அவருக்கு வயது 32. டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் பயின்றார். 2025 மார்ச் மாதம் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு 81 வயது.

இவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். கற்பதை விடவில்லை. இருவருக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். இருவரும் அடுத்தவர் இசைக்குக் கூலிக்கு வாசித்தே தொழில் பழகினார்கள். ஆகவே ரஹ்மானைச் சாட்சிக்கு அழைப்பவர், "என் தன்ராஜ் மாஸ்டர் யார்? நான் தினமும் எத்தனை மணி நேரம் கற்கிறேன்?" என்ற கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பட்டமும் பாட்டும்

வேறு வரிசையில் வாழ்க்கையை அடுக்கியவர்களும் உண்டு. நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் சுடிர்மான் அர்ஷாட். 1976-இல் 'பிந்தாங் ஆர்.டி.எம்.' போட்டியில் வென்றபோதே அவருக்குப் புகழ் வந்துவிட்டது. அதோடு நின்றுவிடாமல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1980-இல் பட்டம் பெற்றார். 1986 ஏப்ரல் 14-ஆம் நாள் கோலாலம்பூர் சௌகிட் சாலையில் அவர் நடத்திய இலவச இசை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். சட்டப் படிப்பு அவருடைய பாட்டைக் கெடுத்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழகத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சிவசிதம்பரம் மருத்துவராக இருந்துகொண்டே பாடகராகவும் பெயர் பெற்றார். அவருக்கு இரண்டும் வாழ்நாள் முழுவதும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி பொறியியலும் நிர்வாகமும் படித்தவர். பின்னர் இசைத் தொழில்முனைவைப் பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கினார்.

நம் மலேசியத் தமிழ் ராப்புக்கு முகவரி தந்த யோகி பி. ஒரே பாட்டில் வந்துவிடவில்லை. 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கிலத்தில் பாடிய அவருடைய முதல் தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. 'நட்சத்திரா'வோடு சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பைத் தந்தது 2006-இல். தமிழகம் நம்மைத் திரும்பிப் பார்க்க எட்டு ஆண்டு ஆயிற்று.

இத்தனை பேரையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இவர்களுடைய பாதைகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. காலம் மட்டும் எல்லாருக்கும் பொது. யாருக்கும் பதினெட்டு வயதில் எல்லாம் முடிவாகிவிடவில்லை.

உறுமியின் கணக்கு

பெரிய பெயர்களை விட்டுவிட்டு நம் ஊருக்கு வருவோம். என் பெரியம்மா மகன் ஒருவர் ஈப்போவில் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறார். வார இறுதியில் உறுமிக் குழுவில் வாசிக்கிறார். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமல் ஓசையை எழுப்புவது எளிதில் வருவதில்லை. மறுகை அடுத்த பக்கத்தில் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் வாசித்தால் நிற்கும் கால்களும் ஆடும். நான் ஒருநாள் கேட்டேன்: "இவ்வளவு நல்லா வாசிக்கிறீங்க. முழு நேரமா இதையே செய்யலாமே அண்ணே?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மார்கழியில வந்து கேளு தங்கச்சி."

அந்த ஒரு வரியில் முழுக் கணக்கும் இருக்கிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழாக்கள் என்று வந்தால் குழுவுக்கு ஓய்வே இருக்காது. பந்துனிலிருந்து கல்லுமலை வரை காவடியோடு நடந்து வாசித்தவர்களுக்குத் தெரியும் அந்த உழைப்பு. ஆனால் மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆடியிலும் இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் பணம் பெரிதாகத் தெரியலாம். அதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டு, வேன் வாடகை, தோல் மாற்றும் செலவு, சீருடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால்தான் மிச்சம் எவ்வளவு என்பது தெரியும்.

தொழிற்சாலை வேலை தன் இசையைத் தடுக்கிறது என்று அவர் நினைப்பதில்லை. "மாசச் சம்பளம் வருது. அதனாலதான் பிடிக்காத இடத்துக்கு வரமாட்டேன்னு சொல்ல முடியுது" என்கிறார். குடிபோதையில் சண்டை நடக்கும் விருந்துக்கு அவர் போவதில்லை. ஏழைப் பிள்ளைகளின் கோயில் விழாவுக்குக் காசு வாங்காமல் வாசிக்கிறார். வேலை அவருக்குச் சோறு போடுகிறது, இசையில் அவருக்குச் சுதந்திரமும் கொடுக்கிறது. நான் இதுவரை எந்தப் பாடநூலிலும் படிக்காத பொருளாதாரம் இது.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோயில் விழா, திருமணம், மேடை நிகழ்ச்சி எல்லாம் ஒரே நாளில் நின்றன. இசையை மட்டுமே நம்பியிருந்த கலைஞர்களுக்கு வருமானம் அப்படியே அறுந்தது. இசைத் துறைக்குப் போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போகிறவர் சொந்தமாக இ.பி.எஃப். கட்டலாம், சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பில் சேரலாம். இசையில் இறங்கும் நாளிலேயே இவற்றையும் தொடங்கிவிட வேண்டும்.

பேராக்கிலேயே இருக்கும் வழிகள்

இசை என்றால் மேடையில் நடுவில் நிற்பவர் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அவரைச் சுற்றி எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

இசை ஆசிரியர் வேலைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக்கும் நிகழ்கலைக்கும் தனிப் புலமே இருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டப்படிப்பு உண்டு. கோலாலம்பூரில் தேசியக் கலை, பண்பாட்டு, பாரம்பரியக் கழகமான அஸ்வாரா இருக்கிறது. அரங்குக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ஒலி அமைப்பவர் வேண்டும். அதற்கு மின்னியல் அறிவு உதவும். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969-இலிருந்து ஈப்போவிலேயே இயங்கி வருகிறது.

சட்டம் படிக்கும் நண்பர்களே, பாட்டு எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் உரிமை தருவது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். நம் இளம் கலைஞர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? உளவியல் படிப்பவர்களுக்கு இசைவழிச் சிகிச்சை என்ற துறை இருக்கிறது. மனநலத்துக்கு இசையை முறையாகப் பயன்படுத்தும் அந்தத் தொழிலுக்கு இசைப் பயிற்சியும் வேண்டும், உளவியல் படிப்பும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டுக் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். அவர்கள் கலையை மதித்து வணங்குவோம். அதே வேளையில், இவ்வளவு கோயில்கள் உள்ள நாட்டில் அந்தக் கருவிகளைத் தொழிலாகக் கற்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் யோசிக்க வேண்டும். தாளம் ரத்தத்தில் ஊறிய எங்கள் உறுமிப் பையன்களில் நான்கு பேர் ஒரு குருவிடம் தவில் கற்றால், அவர்களுக்கு முகூர்த்த மேளம் உண்டு, கோயில் பூசை உண்டு. மார்கழியிலும் கோயில் நடை திறந்துதான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன்

என்னிடம் கேள்வியோடு வரும் தம்பி தங்கைகளிடம் இப்போதெல்லாம் நான் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன்.

முதலாவது, உன் ஆசிரியர் யார்? யூடியூப் பார்த்துத் தொடங்கலாம். தவற்றைத் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு உன் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? அம்மா அப்பா என்றால், அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டாயா?

மூன்றாவது, எந்த வாசல் மூடும், எந்த வாசல் திறந்திருக்கும்? ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் அரசு உயர்கல்விக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்க நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தவறினால் ஓராண்டு போகும். உறுமி எங்கும் ஓடாது. அதே சமயம், குரலுக்கும் விரலுக்கும் இளவயதுப் பயிற்சி தேவை என்பதும் உண்மை. படித்துக்கொண்டே தினம் ஒரு மணி நேரம் சாதகம் செய்பவர் இரண்டையும் காப்பாற்றிக்கொள்கிறார். ஏற்கனவே வேலைக்குப் போய்விட்டவர்களும் மனம் தளர வேண்டாம். வேலை அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்வியில் சேர்த்துக்கொள்ளும் 'ஏப்பல்' என்ற வழிமுறை நம் நாட்டில் உண்டு. முப்பது வயதிலும் வகுப்பறைக்குத் திரும்பலாம்.

நான்காவது, யாரும் காசு கொடுக்காவிட்டாலும் வாசிப்பாயா? 'ஆமாம்' என்றால் நல்லது. அப்படிப்பட்டவருக்கு இசை எந்த வேலையிலும் துணையாக வரும். 'இல்லை' என்றால், பிடித்தது இசையா அல்லது மேடையும் கைதட்டலுமா என்று தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு எல்லாரிடமும் ஒரே பதில் வராது. ஒருவர் உப்சியில் இசை படிக்கப் போவார். இன்னொருவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்துகொண்டு சனிக்கிழமை மட்டும் வாசிப்பார். மூன்றாமவர் ஈராண்டு வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு பிறகு படிப்பார். மூவருமே சரியான இடத்தில்தான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வரிசையைப் பார்த்து நம் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, இந்த வாரம் ஒரு தாளை எடுங்கள். உங்கள் குழுவின் ஓராண்டு வரவையும் செலவையும் மாதவாரியாக எழுதுங்கள். மார்கழியையும் ஆடியையும் மறக்காமல் எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் விண்ணப்பிக்க விரும்பும் படிப்பின் பெயரையும் கடைசி நாளையும் குறியுங்கள். அந்தத் தாளோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அம்மாவிடம் போய் உட்காருங்கள். கனவைப் பற்றி வாயால் மட்டும் பேசினால் அவர்களுக்குப் பயம்தான் வரும். கணக்கோடு பேசினால், "சரி, எப்ப ஒத்திகை முடியும்? நான் வந்து கூட்டிட்டு வரேன்" என்று அப்பாவே கேட்கக்கூடும்.